குடை எந்தக் கணக்குல போச்சு?

மக்கா, பஸ்ஸுல குடையை விட்டுட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கியே, மொதல்ல ஒரு காரியம் சொல்லு: குடை தொலைஞ்சுதா, நீ தொலைச்சியா? ரெண்டும் ஒண்ணுங்கியா? கல்யாணம் கட்டி ஆறு மாசந்தான் ஆயிருக்குன்னு நல்லாத் தெரியுது. தொலைச்சேன்னா குத்தம் உன் தலையில. தொலைஞ்சிட்டுன்னா குடை தானா எறங்கி நடந்து போயிருக்கு. பறிகொடுத்தேன்னு சொல்லிப் பாரு, அக்கம்பக்கத்துல காப்பி போட்டுத் தருவாவ. பெண்டாட்டிகிட்ட மட்டும் 'காணல'ன்னு சொல்லு. குத்தம் கண்ணுக்குப் போயிரும். பேச்சு கண்ணாடி மாத்துகதுல வந்து நிக்கும். நாப்பது வருசம் நான் இதை வச்சுத்தான் குடும்பம் நடத்துனேன்.

மலையாளத்துக்காரன் பாடுதான் கஷ்டம். தொலைச்சாலும் 'களஞ்ஞு', வேண்டாம்னு தூக்கி எறிஞ்சாலும் 'களஞ்ஞு'. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திரு-கொச்சியை விட்டு சென்னை மாநிலத்துக்குப் போச்சே, அது இதுல எந்தக் களஞ்ஞுன்னு அடுத்த வீட்டு நாயர்கிட்ட கேட்டேன். அங்கேருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைக்கு வந்த நாஞ்சில் நாட்டு நெல்லை நெனச்சாரோ என்னவோ, வெத்தலையைத் துப்பிட்டு உள்ள போயிட்டாரு.

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. பத்மநாபபுரம் கொட்டாரம், அதான் அரண்மனை, நிக்க மண்ணு தமிழ்நாடு. கொட்டாரம் இன்னைக்கும் கேரளத்துத் தொல்பொருள் துறை கையில. வீடு போயும் சாவியை விடாத ஆளை வேற எங்க பாத்திருக்க?

அப்போ இங்க திருவனந்தபுரத்துக் கரமனையில கெடந்த நாம? எனக்கு அன்னைக்கு ஆறு வயசு. திண்ணையை விட்டு நகரல்ல. படுக்கும்போ திரு-கொச்சி, முழிச்சா கேரளம். வடசேரியில இருந்த தாய்மாமன் வேற மாநிலத்துக்காரரு. நம்மள யாரும் தொலைக்கவும் இல்ல, எறியவும் இல்ல. பஸ் சீட்டுக்கு அடியில கெடக்க உன் குடை மாதிரிதான். அதுக்கென்ன, சொகமாக் கெடக்கும்; தொலைஞ்சதே அதுக்குத் தெரியாது.

வெவரமானவுக மூணே பேரு. வருசா வருசம் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் எல்லை தாண்டி, நம்ம கரமனை வழியா வாராவ. ரெண்டு மாநிலப் போலீசும் மரியாதை கொடுக்கான். பூசை முடிஞ்சா ஊருக்குத் திரும்பிருதாவ. ஒருக்காவாவது பஸ்ஸுல விட்டுட்டு வந்தோம்னு கேட்டிருக்கியா?

சரி, காலம்பர தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போ. 'களஞ்ஞு போயி'ன்னு மலையாளத்துலயே கேளு. தமிழ்ல கேட்டா நாகர்கோவில்ல போய்த் தேடச் சொல்லிருவான்.