கண்ணாடியைக் கழற்றும் முன் யார் யாரைக் கேட்க வேண்டும்?

கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் வீட்டில் வாயைத் திறக்க வேண்டும். திறந்த அன்றே அம்மா, "இருக்கிற கண்ணை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா?" என்பார். பதில் சொல்லாதீர்கள். சாயங்காலத்துக்குள் பெரியம்மா போன் செய்து, "கண்ணைச் சுட்டுடுமாமே?" என்பார். இதற்குச் சொல்லலாம், கைவசம் நல்ல பதில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போன ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981 நவம்பரில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், இன்று கண்ணுக்குப் பயன்படும் அதே எக்ஸைமர் லேசரை ஓர் இறைச்சித் துண்டின் மேல் பாய்ச்சிப் பார்த்தார். சுத்தமாக வெட்டுப்பட்டது, ஓரம்கூடக் கருகவில்லை. 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர் திசுவைச் சுடாது, மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து ஆவியாக்கிவிடும். அந்தத் துண்டு முந்தைய நாள் தாங்க்ஸ்கிவிங் விருந்தில் மிஞ்சிய வான்கோழி என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்ரீனிவாசன் என்ற பெயரிலேயே பெரியம்மா பாதி சமாதானமாகியிருப்பார், அதைக் கெடுப்பானேன்.

அடுத்து, ஏற்கெனவே செய்துகொண்ட ஆபீஸ் நண்பர். "பத்தே நிமிஷம், மறுநாளே படத்துக்குப் போனேன்" என்பார். முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைப்பையைப் பாருங்கள். அதில் சொட்டு மருந்து இருந்தால், செய்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். கருவிழியின் நரம்புகள் அறுபடுவதால் கண் உலர்வது வழக்கம்தான். பலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு இழுத்துக்கொண்டே போகும். ராத்திரி பைபாஸில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

கல்யாணத் தரகர், போட்டோ எடுக்கும் முன்பே முடித்துவிடச் சொல்வார். லேசர் மாற்றுவது கருவிழியின் வளைவை மட்டும்தான். நீண்டுபோன விழிக்கோளம் அப்படியே இருக்கும், மெலிந்த விழித்திரையும் அப்படியே, பரம்பரையும் அப்படியே. பின்னாளில் பிள்ளை போர்டு தெரியவில்லை என்று பள்ளியிலிருந்து வந்து நிற்கும்போது மாமியார் கணக்குப் போட்டுவிடுவார்.

எல்லோரையும் கேட்டாகிவிட்டதா? இனி பரிசோதனை. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் குறைந்தது ஓரிரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். கட்டாயம் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். கண்பாப்பா விரிவதற்குச் சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்காரச் சொல்வார்கள். அரை மணி கழித்து, கிட்டத்தில் உள்ள எழுத்தெல்லாம் கலங்கிய அந்த நல்ல நேரம் பார்த்துத்தான் கவுன்சிலர் விலைப்பட்டியலை நீட்டுவார். கருவிழியின் மேலே மூடிபோல் திறக்கும் மடலைப் பிளேடில் வெட்டுவது, பிளேடு இல்லாமல் வெட்டுவது, மடலே வெட்டாதது என்று வரி இறங்க இறங்க விலை ஏறும். "இ.எம்.ஐ.யும் இருக்கு சார்." துணைக்கு வந்தவருக்கு வேலை இப்போதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை பேர் கூடிப் பேசும் விஷயத்தை உங்கள் கருவிழி எப்போதோ முடிவு செய்துவிட்டது. அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அரை மில்லிமீட்டர் சொச்சம். மடலுக்கு ஒரு 110 போகும். ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 15 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் ஆறு என்றால் 90. மிச்சம் 340. மடலுக்குக் கீழே குறைந்தது 250 ஆவது நிற்க வேண்டும், 300 இருந்தால் டாக்டர் நிம்மதியாகத் தூங்குவார். ஆக, இவர் பாஸ். 480 மைக்ரானும் மைனஸ் எட்டும் கொண்டவர் அதே கணக்கைப் போட்டால் சரியாக 250இல், விளிம்பில் வந்து நிற்பார். அவருக்கு எந்த ஜோசியரும் உதவ முடியாது. தடிமன் போதுமென்றாலும் வடிவம் சரியாக இருக்க வேண்டும். கருவிழியின் வண்ணப்படத்தில் கீழ்ப்பாதி மட்டும் சிவந்து கிடந்தால், அது கூம்பாகப் புடைக்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் கண்ணில் லேசர் கூடாது; அதைக் கசக்குவதையும் இன்றோடு விட வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர்கள், வருஷத்துக்கு வருஷம் பவர் ஏறுகிறவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் பிறகு வரலாம்.

அறுவை சிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போகச் சொட்டு, இமையை விரித்துப் பிடிக்க ஒரு கம்பி, கொஞ்ச நேரம் இருட்டு, பிறகு மினுக்கும் விளக்கு. முடி கருகுவது போல ஒரு வாடை வரும். சுடாது என்று மேலே சொன்னது உண்மைதான், வாடை ஆவியாகிற திசுவினுடையது. பெரியம்மாவிடம் இதையும் சொல்ல வேண்டாம்.

நாற்பதை நெருங்குபவர்களிடம் ஒரு வார்த்தை. தூரத்துக் கண்ணாடியை லேசர் கழற்றிவிடும். வெள்ளெழுத்து வந்து கிட்டத்துக்கு ஒன்றை மாட்டிவிடும். மைனஸ் இரண்டுகாரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் அல்லவா, அந்தச் சௌகரியத்தையும் பணம் கட்டித்தான் இழக்கிறார்.

கருவிழி மாட்டேன் என்றுவிட்டால் நேரே கண்ணாடிக் கடைக்குப் போங்கள். வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றால் முகம் இருக்கும் இடத்தில் ஒரு மங்கல்தான் தெரியும். செல்போனில் படம் எடுத்து, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடைப்பையனைக் கேட்காதீர்கள், அவன் எல்லா ஃபிரேமுக்கும் "எடுப்பா இருக்கு சார்" என்றுதான் சொல்வான்.