குப்புறப் படுத்துக் குடகுக்கு

ஏரியூர்த் தம்பி ஒருவன் ரேஸ் பைக் வாங்கினான். டேங்க் மேல் சாஷ்டாங்கமாக விழுந்தபடி பென்னாகரம் போய் வருவதற்குள் மணிக்கட்டு மரத்துவிட்டது. ஆசையோ குடகு வரை.

ஹேண்டில்பாரைத் தூக்கினான். சீட்டுக்கு மெத்தை, முன்னால் உயரக் கண்ணாடி, இரு பக்கமும் பெட்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குப் பயந்து எஞ்சினைத் தொடவில்லை, அந்தமட்டில் புத்திசாலி. ஓசூர் டிவிஎஸ்காரர்களே 2017-இல் குனிந்து ஓட்டும் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ விட்டார்கள். 2023-இல் அதே 312 சிசி எஞ்சினை நிமிர்ந்து உட்காரும் ஆர்டிஆர் 310-இல் வைத்தார்கள். முதுகெலும்பின் மனு ஆலை வரை போயிருக்கும்போல.

கொளத்தூர், மாதேஸ்வரன் மலை வழியாகப் போவதாகத் திட்டம். நாகமரைத் துறையில் பண்ணவாடிப் படகில் வண்டியை ஏற்றினான். பக்கத்தில் ஒரு பெரியவரின் டிவிஎஸ் எக்ஸ்எல்: உயர்ந்த ஹேண்டில், மெத்தென்ற சீட்டு, இரு பக்கமும் மூட்டை.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்த பெரியவர் கேட்டார்: "ஏந்தம்பி, இதை இப்பிடி ஆக்க எவ்வளவு ஆச்சு?"

தம்பி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.