மாமாவுக்கு ஒரு படுக்கை: காட்கோபரிலிருந்து கடிதம்

காட்கோபர் கிழக்கு, காமராஜ் நகரில் குடியிருக்கும் மகன் திருநெல்வேலியிலுள்ள தாய் தந்தையர்க்கு எழுதுவது. மாமா மும்பை வரவிருப்பதாகவும், ஒற்றை அறை வீடாகிய கோலியில் இடம் போதாதென்றால் அவரை நல்லதொரு மாடர்ன் ஓட்டலில் தங்கவைக்கலாமே என்றும் அம்மா எழுதியிருப்பதால், இந்நகரில் மாடர்ன் என்று சொல்லப்படுவது யாது என்பது இங்கே விளக்கப்படுகிறது.

இங்கே மாடர்ன் எனப்படும் பாட் ஓட்டல் என்பது, ஒருவர் படுக்கவும் எழுந்து உட்காரவும் மட்டுமே இடமுள்ள பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக அமைத்து, ஒவ்வொன்றையும் அறை என்ற பெயரில் வாடகைக்கு விடும் விடுதியாகும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா 1979இல் ஒசாகாவில் வடிவமைத்த விடுதியே இவ்வகையில் முதலாவது. இவ்வகை விடுதி 2017இல், காட்கோபரிலிருந்து மெட்ரோ ரயில் சென்று சேரும் அந்தேரிக்கு வந்தது. 2021 நவம்பரில், கிளாட் பாட்லி வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்ட மும்பை சென்ட்ரல் நிலையத்துக்குள்ளேயே ரயில்வே துறையும் 48 பெட்டிகளோடு ஒன்றைத் திறந்தது. திறந்தபோது கட்டணம் 12 மணி நேரத்துக்கு 999 ரூபாயாக இருந்தது. குளிர்சாதனம், வைஃபை, படிக்கும் விளக்கு, சிறு லாக்கர், முகம் பார்க்கக் கண்ணாடி ஆகியவை அதில் அடங்கின, குளியலறை மட்டும் பொது.

மாமாவின் நிலையிலிருந்து இதனை ஆராய்தல் வேண்டும். திருநெல்வேலியில் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் ஏறி, ஒரு நாளைக்கும் அதிகமாக மேல் பெர்த்தில் முதுகு வளைந்து கிடந்து, தாதரில் இறங்கிய பெரியவர், அங்கிருந்து லோக்கல் பிடித்து மும்பை சென்ட்ரல் போய், கட்டணம் கொடுத்து, ஏறக்குறைய அதே மேல் பெர்த்தில், இம்முறை ஓடாத ஒன்றில், மீண்டும் ஏறிப் படுக்கவேண்டியிருக்கும். வடக்கே தலைவைத்துப் படுக்கலாகாது என்னும் அம்மாவின் விதியையோ, மாமாவின் குறட்டை எத்தனை சுவர்களைக் கடக்கும் என்பதையோ குரோகாவா கருத்திற்கொண்டதாகத் தெரியவில்லை.

புதுமை விடுதி இந்நகருக்குப் புதிதன்று என்பதும் சொல்லத்தக்கது. காலா கோடாவில் இன்று எஸ்பிளனேடு மேன்ஷன் என்று பாழடைந்து நிற்கும் வாட்சன் விடுதி, இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860களில் இங்கே பூட்டி எழுப்பப்பட்டது; லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் 1896 ஜூலை 7 அன்று அங்கேதான் காட்டப்பட்டது. தாஜ் மகால் விடுதி 1903இல் திறக்கப்பட்டபோது மின்விளக்கும் மின்தூக்கியும் ஊரார் வியந்த புதுமைகளாயிருந்தன. அதன் எதிரே நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியா 1924இல்தான் திறக்கப்பட்டது. ஊரில் பலர் கருதுவதுபோல் வளைவைப் பார்த்து விடுதி வரவில்லை.

ஆயினும், குறைந்த இடத்தில் நிறைந்த மனிதர் என்னும் கலையில் மும்பைவாசிகள் ஜப்பானியருக்குப் பல பத்தாண்டுகள் முந்தியவர்கள் என்பதே இம்மகனின் துணிபு. கொங்கணத்திலிருந்து வந்த ஆலைத் தொழிலாளர்கள் கிராமத்துக்கு ஓர் அறை என வாடகைக்குப் பிடித்து, இரவு ஷிப்டுக்காரர் போனதும் பகல் ஷிப்டுக்காரர் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்தனர். ஓட்டல்காரர் 12 மணி நேரக் கணக்கென இன்று விற்பது இந்த ஏற்பாட்டைத்தான், ஏசி ஒன்றே கூடுதல். பத்துக்குப் பத்து அடியுள்ள கோலியிலும் பாதி உயரத்தில் பரண் அடித்து, ஏணி வைத்து, மேலே இருவரும் கீழே மூவருமாகப் படுப்பது காட்கோபரில் யாரும் திரும்பிப்பார்க்காத வழக்கம். வடிவமைத்தவர் தெருமுனைத் தச்சர் என்பதால் எந்தக் கட்டடக்கலை இதழிலும் படம் வரவில்லை.

ஆகவே மாமா கோலிக்கே வரலாம். பரணில் ஏற அவர் முழங்கால் ஒத்துழைக்காதென்பதால், இரவு வேலைக்குப் போகும் மகனின் கீழிடம், தெற்கே தலைவைத்து, வாடகையின்றி ஒதுக்கப்படும். காலை ஏழு மணிக்கு மகன் திரும்பியதும் காலி செய்துவிட வேண்டும். வரும்போது கருப்பட்டியும் கூழ்வற்றலும் கொடுத்தனுப்பவும். பெரிய பெட்டி வேண்டாம், அதை வைத்தால் மாமாவை வைக்க இடமிராது.