மாடும் தீவனமும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– வாசகி, நெய்க்காரப்பட்டி

பதில்: அந்த வீடியோ கேம் கருவி அருமையானதுதான் அம்மா. 7.9 அங்குலத் திரை, 256 ஜிபி சேமிப்பு. பழைய ஸ்விட்ச் விளையாட்டுகளில் பெரும்பாலானவையும் அதில் ஓடும். ஆனால் 2025 ஜூன் 5-இல் பல நாடுகளில் அறிமுகமானபோது இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இறக்குமதி செய்தவர் சொன்னதே விலை. பழுதானால் பழனிக்கு ஓடியும் பயனில்லை, திண்டுக்கல்லுக்கு ஓடியும் பயனில்லை! அறிமுகமானபோது அமெரிக்காவில் கருவியின் விலை 450 டாலர். ‘மரியோ கார்ட் வேர்ல்டு’ என்ற ஒரு விளையாட்டு மட்டும் தனியாக 80 டாலர். மாட்டை வாங்கினால் தீவனமும் வாங்கித்தானே ஆகவேண்டும்? எந்தெந்த விளையாட்டுக்காகக் கேட்கிறான் என்று விசாரியுங்கள். ஒன்றே ஒன்றைச் சொன்னால், இப்போதைக்கு வாங்காதீர்கள்.