பாலைவனத்தில் ஒரு மேல்தட்டு

2015 டிசம்பர் வெள்ளத்தில், முடிச்சூர் வீட்டு மாடியிலிருந்து படகேறிய நாளாக மச்சானுக்கு ஒரே நினைப்பு: மழையே பெய்யாத ஊரில் குடியேறணும். 2024 ஏப்ரலில் துபாயை நோட்டம்விடப் போனார். ஓட்டல் வாடகையைக் கேட்டதும் வியர்த்தது, ஏசியிலேயே. அங்கே தேரா பகுதியில் ‘பெட் ஸ்பேஸ்’ பிடித்தார். அறை அல்ல, இரும்புக் கட்டிலின் மேல்தட்டு. தாம்பரத்தில் ஏறும் அப்பர் பெர்த் மாதிரிதான். இறங்கும் ஸ்டேஷன் மட்டும் வராது. தலைமாட்டில் ஒரு பிளக் பாயின்ட், காலடியில் யாருடையதோ ஈர லுங்கி.

ஏப்ரல் 16. அமீரகத்தில் 1949-லிருந்து எழுதிவைத்த மழைக்கணக்கையெல்லாம் அன்றைய மழை முறியடித்தது. விமான நிலைய ஓடுபாதையிலேயே வெள்ளம்.

இரவு போன். “மாப்ளே, இங்கேயும் கீழ்வீட்டுக்காரங்க சாமானைத் தூக்கிட்டு மாடிக்கு வர்றாங்க.”

“மேல்தட்டை மட்டும் விட்டுடாதீங்க, மச்சான்.”