வரப்புக்கு ஒரு நீதிமன்றம்

லாக்ஸ்டன், நாட்டிங்ஹாம்ஷயர்.

அன்புள்ள மாமாவுக்கு, மருமகன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம். குளிர்தான் காதைக் கடிக்கிறது.

பக்கத்து வயல்காரர் வரப்பை அரை முழம் தின்றுவிட்டார் என்று மாமா கோர்ட்டுக்கு நடையாய் நடப்பது மருமகன் அறியாததல்ல. மாமா பிறந்திருக்க வேண்டிய ஊர் லாக்ஸ்டன். இங்கே வயலுக்குள் வரப்பே கிடையாது. ஆகவே அந்தத் தகராறுக்கென்றே தனி நீதிமன்றம் வைத்திருக்கிறார்கள்.

மத்திய காலத்தில் நடு இங்கிலாந்துக் கிராமங்கள் பலவும் இப்படித்தான் இருந்தன. வேலியில்லாப் பெருவயல், அதற்குள் ஒருவருக்கு இங்கே இரண்டு கீற்று, அங்கே மூன்று கீற்று. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அவற்றை வேலி அடைத்துப் பிரித்தது. லாக்ஸ்டனில் மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் மூன்றும் தப்பின. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. வருஷா வருஷம் முறை மாறும். உழுவது டிராக்டர், முறை மட்டும் பழையது.

நவம்பர் கடைசியில் அந்த நீதிமன்றத்தின் ஜூரிகள் கிளம்புகிறார்கள். யாரோ கறுப்பு அங்கிக்காரர்கள் அல்ல, சேறு அப்பிய பூட்ஸ் போட்ட ஊர் விவசாயிகள். கோதுமை விதைத்த வயலைச் சுற்றிவந்து, எல்லையில் மரமுளை அடிக்கிறார்கள். எவராவது பொதுப்பாதையையோ பொதுப்புல்லையோ சேர்த்து உழுதிருந்தால் பெயர் குறிக்கப்படும். ஒரு வாரம் கழித்து 'டவ்கோட் இன்' என்ற மதுக்கடையில் மன்றம் கூடி அபராதம் விதிக்கும். தொகை சில பவுண்டுகள்தான். மானம் போவது தனிக்கணக்கு. 1977இல் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் பிடுங்கியபோதும் இந்த மன்றம் பிழைத்துக்கொண்டது.

ஆவணமும் பலமானது. 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் கீற்று கீற்றாக அளந்து வரைந்த படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஏர் உழுவதும் மாடு மேய்வதும் அதில் குட்டிக் குட்டிச் சித்திரங்கள். மாமாவின் பட்டாவில் சர்வே எண்ணே தப்பு என்பதை இங்கே யாரிடமும் மருமகன் சொல்லவில்லை.

1952இல் நிலக்கிழாரான தோர்ஸ்பி எஸ்டேட் பிரபு இந்தப் பண்ணைகளை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அவை அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் கைக்குப் போயின. 2020இல் அதே தோர்ஸ்பி எஸ்டேட் மறுபடி வாங்கிக்கொண்டது. கை மாறியதே தவிர, முளை அடிப்பது நிற்கவில்லை.

வடக்கே நார்மன் கோட்டை இருந்த மண்மேடு, இப்போது புல்தான். தேவாலயத்துக்குள் ஆடம் டி எவரிங்ஹாம் என்ற 14ஆம் நூற்றாண்டுப் பிரபு இரு மனைவியரோடு படுத்திருக்கிறார். அவரும் மூத்தவளும் கற்சிலை. இளையவள் மட்டும் ஓக் மரம்.

இந்த மரச்சிலைச் சங்கதியை அத்தையிடம் சொல்ல வேண்டாம். மற்றவை அடுத்த கடிதத்தில்.