கிண்ணியாப் பாதையும் புதிய தலைவியின் கொப்பியும்

ஜூலை முதலாம் திகதி வந்தால் எங்கள் திருகோணமலையில் சத்தமில்லாமல் ஒரு ஆட்சி மாறும். ரோட்டரிக் கழகங்களுக்கு உலகமெங்கும் அன்றுதான் ஆண்டுப் பிறப்பு. பழைய தலைவரின் கழுத்திலிருந்து பதக்கச் சங்கிலி இறங்கிப் புதியவரின் கழுத்தில் ஏறும். மேசையிலிருக்கும் மணியை அவர் சுத்தியலால் ஒருமுறை தட்டுவார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வரும் பன்னிரண்டு மாதத்தில் தான் செய்யப்போவதையெல்லாம் வாசிப்பார். அப்படி வாசிக்கப்பட்ட தாள்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துதான் கைதட்டியிருக்கிறேன். இந்த வருடம் வாசிக்கப்பட்டது வேறு வகை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் கழகத்தில் சேர்ந்த காலத்தில் கூட்டம் வாரம் தவறாது. 1905இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் தொடங்கிய இயக்கம் 1929இல் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி எங்களிடம் வந்து சேர்ந்தபோது, தன் ஒழுங்குகள் ஒன்றையும் வழியில் தவறவிடாமலே வந்து சேர்ந்தது. தபாலில் அழைப்பு அட்டை வரும். ரோனியோ செய்த இதழ் கதிரைக்குக் கதிரை வைத்திருக்கும். மை காயாத அந்தத் தாளின் வாசம், பற்றீஸின் வாசம், திறந்த யன்னலால் வரும் உட்துறைமுகத்து உப்புக் காற்று, மூன்றும் கலந்த ஒரு மணம் எனக்கு இன்றும் சேவை என்ற சொல்லோடு ஒட்டியே இருக்கிறது. பிந்தி வந்தால் தண்டம், பிறந்தநாள் வந்தால் தண்டம், பேப்பரில் படம் வந்தால் இரட்டைத் தண்டம். அந்தச் சில்லறை சேர்ந்துதான் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் ஆனது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பக்கத்தாரும் ஒரே மேசையிலிருந்து, ஒருவருக்கும் சொந்தமில்லாத மொழியில் ஒருவரையொருவர் நலம் விசாரித்தோம். அதிலும் ஒரு சுகம் இருந்தது.

துறைமுகத்து ஊர் என்பதால் எங்களுக்கு மட்டும் வாய்த்த இன்னொரு சுகமும் உண்டு. கோதுமை கொண்டுவரும் கப்பலிலோ தேயிலை ஏற்ற வந்த கப்பலிலோ ஒரு கப்டனோ பொறியியலாளரோ எங்கேயோ ஒரு ஊரின் ரோட்டரி உறுப்பினராக இருப்பார். சொந்தக் கழகத்தில் தவறிய வரவை எந்த நாட்டுக் கழகத்திலும் போய் ஈடுசெய்யலாம் என்பது விதி. ஆகவே மாலையில் ஒரு வெள்ளைச் சீருடை படியேறி வரும். தன் கழகத்துச் சின்னக் கொடியைத் தந்து எங்கள் கொடியை வாங்கிப் போகும். சுவரில் தொங்கிய அந்தப் பட்டுக் கொடிகளைப் பார்த்தே நான் துறைமுகங்களின் பெயர்களைப் பாடமாக்கினேன். கூட்டம் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தால் வீதி விளக்கின் கீழே மான்கள் அசைபோட்டபடி படுத்திருக்கும். இன்றும் மான்கள் இருக்கின்றன. இப்போது குப்பையில் கிடக்கும் பொலித்தீன் பைகளைத் தின்கின்றன.

அப்போதெல்லாம் கழக வேலையாக அக்கரைக்குப் போவதென்றால் அது ஒரு முழு நாள். மூதூருக்கு இறங்குதுறையில் லோஞ்ச் பிடிக்கவேண்டும். கொட்டியாரக் குடாவின் நடுவில் திரும்பிப் பார்த்தால் கோணேசர் மலை கடலுக்குள் கால் நீட்டிக்கொண்டிருக்கும். கிண்ணியாவுக்குப் பாதையில் ஏறவேண்டும். பஸ்ஸும் லொறியும் ஆடும் மனிதரும் ஒன்றாக நிற்கும் அந்த மிதவையில், கரை சேருமுன்பே யாருக்குக் கண் தெரியவில்லை, எந்தத் தெருவில் கிணறு உவராகிவிட்டது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு மீன் வாடிக்குப் போய்விட்டது என்று எல்லாம் எங்கள் காதுக்கு வந்துவிடும். 2009இல் 396 மீற்றர் நீளத்தில் பாலம் வந்தது. நல்ல பாலம். பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களைப் பார்த்தவன் அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டான். ஆனாலும் அதன்மேல் ஓடும் வேனில் யாரும் எங்களிடம் எதையும் சொல்வதில்லை. போகிறோம், பொருளைக் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

அப்படி அவசரமாகப் போய்வராத ஒரு வேலை என்றால் 1995 நினைவுக்கு வருகிறது. நாட்டில் கடைசி இளம்பிள்ளைவாதம் 1993இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. மீண்டும் வராமலிருக்க, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கவேண்டும். நாடோ போருக்குள் இருந்தது. யூனிசெப்பும் ரோட்டரியும் இரு தரப்போடும் பேசி, அந்த நாட்களுக்கு மட்டும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்து போன அந்தக் காலையில், தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்தபடி வரிசையில் நின்றார்கள். நாக்கில் விழுந்த இரண்டு துளியைச் சப்பி முகத்தைச் சுளித்த ஒரு குழந்தையின் முகம் இன்னும் அப்படியே தெரிகிறது. 2014 மார்ச் 27இல் இலங்கை உட்பட எங்கள் தென்கிழக்காசியப் பிராந்தியமே அந்த நோயற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தபோது வரிசையில் நின்ற அந்தத் தாய்மாரைத்தான் நினைத்தேன். ஒரு கழகம் செய்த வேலையென்றால் எனக்கு அதுதான் அளவுகோல்.

1995க்குப் பிறகு வந்தது 2004 மார்கழி 26, சுனாமி நாள். கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் அள்ளிக்கொண்டு போனது. இங்கிலாந்தின் கோர்ன்வால் பக்கத்து ஒரு சின்ன ரோட்டரிக் கழகம் நான்கு வருடத்துக்கு முன் தொடங்கியிருந்த ஷெல்ட்டர் பொக்ஸ் என்ற பச்சைப் பெட்டிகள் இலங்கைக்கும் வந்தன. பெட்டிக்கு ஒரு கூடாரம், போர்வைகள், அடுப்பு, நீர்க்கலன், சில கருவிகள். எங்கேயோ உட்கார்ந்து ஒரு குடும்பத்துக்கு முதல் இரவில் என்ன வேண்டுமென்று ஒருவர் யோசித்திருக்கிறாரே என்று வியந்தேன். அந்தக் காலத்தில் உதவி என்று வந்த எத்தனையோ பொதிகளில் அப்படி யோசித்தவை குறைவு.

இனி இந்த ஜூலைக்கு வருகிறேன். சங்கிலி ஏறியது ஒரு பெண்ணின் கழுத்தில். 1989வரை எங்கள் இயக்கத்தின் விதியில் பெண்களுக்கு இடமில்லை; மனைவிமார் விழா நாளில் வந்து முன்வரிசையில் இருந்துவிட்டுப் போவார்கள். புதிய தலைவி மணியைத் தட்டிவிட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசினார். கையில் தாளில்லை, ஒரு கொப்பி இருந்தது. கழகத்தின் பழைய ஏடுகளைப் புரட்டி, நாங்கள் எந்தெந்த ஊரில் எதைக் கட்டினோம், எதைக் கொடுத்தோம் என்று எழுதி, பதவிக்கு வருமுன்பே தன் ஸ்கூட்டியில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்.

ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினார். மூதூர்ப் பக்கத்தில் ஒரு குழாய்க்கிணறு. சீமெந்துத் தளத்தில் எங்கள் சில்லுச் சின்னமும் அன்றைய தலைவரின் பெயரும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. பம்பின் கைப்பிடியைக் காணோம். அந்த இடத்தில் ஆட்டுக் கயிறு. உள்ளே தோல் வாஷர் தேய்ந்துவிட்டால் நீர் ஏறாது, கடலோரத்து உவர் நீரில் இரும்புக் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாஷரை மாற்ற ஒரு முற்பகல் போதும். மாற்றத் தெரிந்தவர் ஊரில் இல்லாததால் அந்தத் தெருப் பெண்கள் இப்போது பவுசருக்குக் காத்திருக்கிறார்கள்.

“அண்ணா, இந்த வருஷம் நாங்கள் ஒரு கல்லும் நட வேண்டாம். நட்டதையெல்லாம் ஓட வைப்போம்” என்றார்.

திட்டம் அவ்வளவுதான். ஊருக்கு இரண்டு இளைஞரைப் பிடித்துப் பம்பு கழற்றிப் பூட்டப் பழக்குவது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீடுகளைக் கலங்கடித்ததென்று மறக்காமல், மாரி மழை தொடங்குமுன் ஐப்பசியிலேயே வளவு வளவாகப் போய்ச் சிரட்டையும் டயரும் பொறுக்குவது. இதற்கெல்லாம் நேரம் எங்கேயென்று ஒருவர் கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தார். மாதத்தில் இரண்டு கூட்டம் போதுமென்று 2016இலேயே விதி தளர்ந்துவிட்டது. ஆகவே இரண்டு வாரம் மண்டபம், இரண்டு வாரம் ஊர்.

வாரக் கூட்டம் பாதியாகிறதே என்று எனக்குள் ஒரு சின்னத் துக்கம் இருக்கத்தான் செய்கிறது. அந்த மேசையில்தான் எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். போர் நடந்த ஆண்டுகளில் மூன்று இனத்தாரும் பயமில்லாமல் சேர்ந்து தேநீர் குடித்த இடங்கள் ஊரில் அதிகமில்லை. ஆனால் பாதையிலும் லோஞ்சிலும் காதால் கேட்டுப் பெற்றதை நாங்கள் இழந்திருந்தோம். இந்தப் பெண் அதை ஸ்கூட்டியில் போய் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். தண்டப் பெட்டியை மட்டும் எடுக்க வேண்டாமென்று கேட்டேன். வாஷர் வாங்க அதுதான் நிதி என்றார்.

எனக்குள்ள கவலை ஒன்றே. ஒரு வருடம் மிகவும் குறுகியது. பம்புகள் ஓடத் தொடங்கும்போது அடுத்த ஜூலை வந்துவிடும். வருபவருக்கும் சொந்தக் கனவு இருக்கும், அவருக்கும் ஒரு கல் நட ஆசை இருக்கும். ஆகவே அடுத்த தலைவராகத் தெரிவாகியிருப்பவரை இப்போதே எல்லாப் பயணத்துக்கும் கூட்டிப்போக வேண்டுமென்றும், கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டுமென்றும் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். முதல் பயணம் மூதூருக்கு. குச்சவெளி, தம்பலகாமம் பக்கத்துப் பக்கங்கள் கொப்பியில் இன்னும் பாதி வெறுமையாக இருக்கின்றன. உங்கள் தெருவில் பல் சில்லுச் சின்னம் பதித்த பம்பொன்று வேலை செய்யாமல் நின்றால், அது எங்களுடையதுதான், வந்து சொல்லுங்கள்.